ரோத் கன்வர்ஷனில் வரி பிடித்துவிட்டார்களா? 60 நாள் அவகாசம் இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 54. கலிஃபோர்னியாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பழைய கம்பெனியின் 401கே (கம்பெனி வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தைச் சில வருடங்களுக்கு முன்பே ட்ரெடிஷனல் ஐ.ஆர்.ஏ. (எடுக்கும்போது வரி கட்டும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு) கணக்குக்கு மாற்றி வைத்திருந்தேன். அதிலிருந்து 80,000 டாலரை இந்த 2025 செப்டம்பர் 9-ஆம் தேதி ஆன்லைனில் ரோத் ஐ.ஆர்.ஏ.வுக்கு (இப்போதே வரி கட்டிவிட்டு, பின்னால் வரியில்லாமல் எடுக்கும் கணக்கு) கன்வர்ட் செய்தேன், அதாவது மாற்றினேன். ரோத்தில் வந்து சேர்ந்தது 71,200 டாலர்தான். ஃபெடரல் வரிக்கு 8,000, மாநில வரிக்கு 800 பிடித்துவிட்டதாகக் காட்டுகிறது. நான் அப்படிக் கேட்கவே இல்லை. கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்தால், "பணம் ஐ.ஆர்.எஸ்.க்கு (ஃபெடரல் வரித் துறை) போய்விட்டது, திருப்ப முடியாது" என்கிறார்கள். கன்வர்ஷனையே ரத்து செய்ய முடியுமா? அபராதம் வருமா? "எப்படியும் கட்டவேண்டிய வரிதானே, விட்டுவிடுங்கள்" என்கிறார் மனைவி. அடுத்து அவருடைய பழைய 401கே-யையும் மாற்றுவதாக இருந்தோம். இப்போது கைவைக்கவே பயமாக இருக்கிறது. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஃபைல் செய்கிறோம். 24 சதவீத வரி அடுக்கில் இருக்கிறோம்.

பதில்: வணக்கம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: நவம்பர் 8. பிடித்த தொகைக்கு ஈடாகச் சொந்தப் பணத்தைக் கணக்கில் போட உங்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. செப்டம்பர் 9-க்கு மறுநாளிலிருந்து எண்ணினால் அறுபதாவது நாள் அதுதான். இந்த ஆண்டு அது சனிக்கிழமையில் விழுகிறது. வரித் தாக்கலின் கடைசி நாள் விடுமுறையில் வந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். அந்தச் சலுகை இந்த 60 நாள் கணக்குக்கும் உண்டு என்று நம்பி இருக்காதீர்கள். சனி, ஞாயிறு எல்லாம் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். அக்டோபர் முடிவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

என்ன வேலை என்பதற்கு வருகிறேன். அதற்குமுன் உங்கள் பயத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பிடித்த 8,800 டாலர் எங்கும் தொலையவில்லை. ஐ.ஆர்.எஸ்.ஸிலும் மாநில வரித் துறையிலும் உங்கள் பெயரில், 2025-க்கான வரியாக வரவு வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த ஏப்ரலில் ஃபைல் செய்யும்போது ஒரு டாலர் விடாமல் கழித்துக்கொள்வீர்கள். அந்த வகையில் உங்கள் மனைவி சொல்வது சரிதான்.

ஆனால் விட்டுவிடக்கூடாது. சட்டத்தின் பார்வையில் உங்கள் ஐ.ஆர்.ஏ.விலிருந்து 80,000 டாலர் வெளியே வந்திருக்கிறது. அதில் 71,200 ரோத்துக்குள் போனது, அது கன்வர்ஷன். மீதி 8,800-ஐ நீங்கள் கையில் வாங்கி, அதைக் கொண்டுபோய் வரி கட்டியதாகத்தான் கணக்கு. உங்களுக்கு இன்னும் 59½ வயது ஆகவில்லை. ஆகவே அந்த 8,800 முன்கூட்டியே எடுத்த பணம். அதற்கு ஃபெடரலில் 10 சதவீதம், அதாவது 880 டாலர் கூடுதல் வரி. கலிஃபோர்னியா தன் பங்குக்கு 2.5 சதவீதம், 220 டாலர் கேட்கும். மொத்தம் 1,100. வேலையை விட்ட பிறகு 55 வயதிலேயே அபராதமின்றி எடுக்கலாம் என்று நண்பர்கள் யாராவது சொன்னால், அது 401கே-க்கு உள்ள விதி. ஐ.ஆர்.ஏ.வுக்கு அது பொருந்தாது.

1,100 டாலர் போனால் போகட்டும் என்று தோன்றலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த 8,800 டாலர் ரோத்துக்குள் போகாமல் நின்றுவிட்டதுதான். ஆண்டுக்கு 6 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால் 20 ஆண்டில் அது 28,000 டாலரைத் தாண்டும். ரோத்தில் இருந்தால் அது முழுவதும் வரியில்லாத பணம். கன்வர்ஷனே அதற்காகத்தானே செய்தீர்கள்?

ரத்து செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2017 வரை முடிந்தது. கன்வர்ட் செய்தபின் சந்தை சரிந்தாலோ வரி கட்டக் கையில் பணமில்லாமல் போனாலோ, அடுத்த ஆண்டு அக்டோபர் வரைகூட ட்ரெடிஷனல் கணக்குக்கே திருப்பிவிடலாம். 2017 இறுதியில் வந்த வரிச் சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது. 2018 முதல் செய்த எந்தக் கன்வர்ஷனையும் திரும்பப் பெற முடியாது. ஆகவே ரோத்துக்குள் போன 71,200 போனதுதான். நம் கையில் இருப்பது அந்த 8,800 மட்டுமே.

இது எப்படி நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.ஆர்.ஏ.விலிருந்து பணம் வெளியே வந்தால், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாதவரை 10 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது ஃபெடரல் சட்டம். அதைச் சொல்வதற்கான படிவம் டபிள்யூ-4ஆர். 2023 முதல் இது கட்டாயம். பூஜ்ஜியத்திலிருந்து நூறு வரை எந்தச் சதவீதத்தையும் அதில் எழுதலாம். ஆன்லைனில் அந்தப் படிவம் தனியாகக் கண்ணில் படாது. எந்தக் கணக்கிலிருந்து, எந்தக் கணக்குக்கு, எவ்வளவு என்று நிரப்பிக்கொண்டே வருவீர்கள். இடையில் வரிப் பிடித்தம் என்று ஒரு சின்னப் பகுதி, அதில் 10 என்று முன்கூட்டியே நிரப்பியிருக்கும். மாற்றாமல் அடுத்த பக்கத்துக்குப் போனால் 10 என்று நீங்களே சொன்னதாக ஆகிவிடும். கலிஃபோர்னியாவில் அதோடு ஒட்டிக்கொண்டு மாநிலப் பிடித்தமும் வரும்: ஃபெடரலில் பிடித்ததில் பத்தில் ஒரு பங்கு. 8,000-க்கு 800 வந்த கணக்கு அதுதான். அதை வேண்டாம் என்று சொல்வதற்கு வேறொரு பெட்டி இருக்கும். வருமான வரியே இல்லாத டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது தொல்லை இல்லை.

ஆகவே இன்றே ஒரு வேலை செய்யுங்கள். செப்டம்பர் 9-ஆம் தேதிக்கான உறுதிப்படுத்தல் பக்கத்தை உங்கள் கணக்கில் தேடி எடுத்து, நீங்கள் என்ன தேர்ந்தெடுத்தீர்கள் என்று பாருங்கள். அதில் பூஜ்ஜியம் என்றிருந்து அவர்கள் 10 பிடித்திருந்தால் தவறு நிறுவனத்துடையது. போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், அந்தப் பக்கத்தை இணையுங்கள், மேலதிகாரியைக் கேளுங்கள். தங்கள் பக்கத்துப் பிழையால் அதிகம் பிடித்துவிட்டால், அதே காலண்டர் ஆண்டுக்குள் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் சரிக்கட்டிக்கொள்ள நிறுவனத்துக்கு வழி உண்டு. டிசம்பர் 31 தாண்டினால் அதுவும் அடைபடும். ஆனால் படிவத்தில் 10 என்றே இருந்தால், அல்லது எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், அவர்கள் சட்டப்படிதான் நடந்திருக்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கட்டுவதில் நாளைக் கடத்த வேண்டாம். புகார் கொடுப்பதாக இருந்தாலும், அதற்குப் பதில் வரட்டும் என்று 60 நாளைத் தாண்டவிட வேண்டாம்.

இனி மருந்துக்கு வருவோம். உங்கள் சேமிப்பிலிருந்து 8,800 டாலர் எடுத்து, நவம்பர் 8-க்குள் ரோத் ஐ.ஆர்.ஏ.வில் போடுங்கள். அதே பணம்தான் வர வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை; எந்தக் கணக்கிலிருந்து எடுத்தாலும் சரி. போட்டுவிட்டால் 80,000 முழுவதும் கன்வர்ஷனாகிவிடும். வெளியே தங்கிய பணம் என்று ஒன்றுமே இல்லாததால் ஃபெடரலின் 880-உம் கலிஃபோர்னியாவின் 220-உம் வராது.

"எடுத்த பணத்தை ஆண்டுக்கு ஒருமுறைதான் திருப்பிப் போடலாம்" என்று எங்காவது படித்திருப்பீர்கள். அந்த விதி உண்மைதான். 2015 முதல் ஒருவருடைய எல்லா ஐ.ஆர்.ஏ.க்களையும் சேர்த்து ஒன்றாக எண்ணுகிறார்கள். ஆனால் அது ட்ரெடிஷனலிலிருந்து ட்ரெடிஷனலுக்கோ ரோத்திலிருந்து ரோத்துக்கோ போவதற்குத்தான். ட்ரெடிஷனலிலிருந்து ரோத்துக்குப் போவது கன்வர்ஷன். அந்த எண்ணிக்கையில் சேராது. அந்த 8,800-ஐ ரோத்தில் போடாமல் ட்ரெடிஷனல் கணக்கிலேயே திருப்பிப் போடவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிச் செய்தால் இந்த ஆண்டு வரி 71,200-க்கு மட்டும்தான்; இரண்டு வரியும் சேர்த்து ஏறக்குறைய 2,930 டாலர் குறையும். ஆனால் அந்த ஒருமுறை வாய்ப்பு அதில் செலவாகிவிடும். கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் அனுமதியே இல்லை. 80,000-க்கும் வரி கட்டத் தயாராகத்தானே இறங்கினீர்கள்? ரோத்திலேயே போடுங்கள் என்பது என் கருத்து.

பணம் போடும்போது ஓரிடத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். ரோத் கணக்கில் சாதாரணமாகப் பணம் போடும் பக்கத்துக்குப் போனால் "2025-க்கான பங்களிப்பு" (அந்த ஆண்டுக்கான புதுச் சேமிப்பு) என்பதுதான் முதலில் வரும். அதை அழுத்திவிட்டால், ஒரு தவறைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை இழுத்துக்கொள்வீர்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு 2025-இன் பங்களிப்பு வரம்பு 8,000 டாலர். அதுவும் கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் செய்பவர்களுக்கு வருமானம் 236,000-ஐத் தாண்டியதும் குறையத் தொடங்கி 246,000-இல் பூஜ்ஜியமாகிவிடும். உங்கள் வருமானத்துக்கு 8,800-உம் மிகைப் பங்களிப்பாக ஆக வாய்ப்பு அதிகம். மிகைக்கு ஆண்டுதோறும் 6 சதவீதம் அபராதம். முழுத் தொகைக்கும் என்றால் 528 டாலர், எடுத்துச் சரிசெய்யும்வரை ஒவ்வொரு ஆண்டும். அதைவிட மோசம், அந்தப் பணம் ரோல்ஓவர் (எடுத்த பணத்தை ஓய்வுக்காலக் கணக்கில் மறுபடி போடுவது) என்று பதிவாகாததால் பழைய 1,100-உம் அப்படியே நிற்கும்.

ஆன்லைனில் "60 நாள் ரோல்ஓவர்" என்ற தேர்வு தெளிவாக இருந்தால் மட்டும் அங்கே செய்யுங்கள். இல்லையென்றால் டெபாசிட் படிவத்தைத் தரவிறக்கி, 60 நாள் ரோல்ஓவர், ட்ரெடிஷனலிலிருந்து ரோத்துக்குக் கன்வர்ஷன் என்ற கட்டத்தில் டிக் செய்து, செக்கின் குறிப்பு வரியிலும் அதையே எழுதி, கிளை அருகில் இருந்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து உள்ளே போய், அது எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பங்களிப்பு என்று வந்திருந்தால் உடனே போன் செய்து மாற்றச் சொல்லுங்கள். அக்டோபருக்குள் முடியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இப்படித் திருத்துவதற்கும் நாள் வேண்டும் என்பதற்காகத்தான்.

8,800-ஐ ஒரே மூச்சில் புரட்ட முடியவில்லை என்றால் முடிந்ததைப் போடுங்கள். 5,000 போட்டால் அபராதம் மீதி 3,800-க்கு மட்டும்தான்: 380-உம் 95-உம் சேர்த்து 475. கிரெடிட் கார்டில் இழுத்துப் போடாதீர்கள். இப்போதைய கம்பெனி 401கே-யில் கடன் வாங்கிப் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. வேலை போனால் அந்தக் கடன் வேறொரு தலைவலியாகும்.

பணம் புரட்ட உங்களிடமே ஒரு வழி இருக்கிறது. பிடித்த 8,000 ஏற்கெனவே இந்த ஆண்டு வரியில் வரவாகியிருப்பதால், சம்பளத்தில் பிடிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள இடம் கிடைக்கலாம். 2024-இன் 1040 படிவத்தில் (ஃபெடரல் வரி ரிட்டர்ன்) 24-ஆம் வரிசையைப் பாருங்கள். அது அந்த ஆண்டின் மொத்த வரி. அதை 1.10-ஆல் பெருக்குங்கள். உங்கள் வருமான நிலையில், இந்த ஆண்டு கட்டியது அந்தத் தொகையை எட்டிவிட்டால், மீதியை ஏப்ரல் 15 வரை தள்ளிப்போட்டாலும் குறைவாகக் கட்டியதற்கான அபராதம் கிடையாது. உங்கள் இருவர் பே ஸ்லிப்பிலும் இதுவரை பிடித்தது, டிசம்பர் வரை இன்னும் பிடிக்கப்போவது, இந்த 8,000, எல்லாவற்றையும் கூட்டி அந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அவ்வளவை, மீதமுள்ள சம்பளங்களில் பிடித்தத்தைக் குறைத்துக் கையில் வாங்கலாம். ஐ.ஆர்.எஸ். தளத்தில் உள்ள வித்ஹோல்டிங் எஸ்டிமேட்டரில் போட்டுப் பார்த்து, கம்பெனியில் புதிய டபிள்யூ-4 (சம்பளப் பிடித்தத்துக்கான படிவம்) கொடுங்கள். மாநிலத்துக்கு டி.இ.4 என்று தனிப் படிவம். ஜனவரியில் இரண்டையும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். அதை மறந்தவர்கள் அதற்கடுத்த ஏப்ரலில் திகைத்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் மனைவியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. 80,000-க்கு 24 சதவீதம் ஃபெடரல் வரி 19,200. கலிஃபோர்னியாவில் 9.3 சதவீத அடுக்கு என்று வைத்தால் 7,440. ஆக இந்தக் கன்வர்ஷனின் மொத்த வரி 26,640 டாலர். தவறே நடக்காமல் இருந்திருந்தால் இதைத்தான் சேமிப்பிலிருந்து கட்டியிருப்பீர்கள். இப்போது 8,800-ஐ ரோத்தில் போடுகிறீர்கள். ஏப்ரலில் ஃபெடரலுக்கு 11,200, மாநிலத்துக்கு 6,640 கட்டுகிறீர்கள். கூட்டிப் பாருங்கள்: அதே 26,640. ரோத்தில் முழு 80,000. ஒரு டாலர்கூட இழப்பில்லை. விட்டுவிட்டாலோ ஏப்ரலில் 17,840-உம் அபராதம் 1,100-உம் கட்ட வேண்டும். ரோத்தில் 71,200 மட்டும்.

அந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. 10 சதவீதம் பிடித்துவிட்டதால் வரி முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் அடுக்கில் அது பாதிகூட இல்லை. ஏப்ரலுக்கு 17,840 டாலரை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். முன்பு சொன்ன 110 சதவீத அளவை எட்டவில்லை என்றால் ஜனவரி 15-க்குள் எஸ்டிமேட்டட் வரியாக (நீங்களே தவணையில் முன்கூட்டிக் கட்டும் வரி) கட்டிவிடுங்கள். கலிஃபோர்னியாவுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே தவணைகள் நான்கும் சமமாக இருக்காது. 30, 40, பூஜ்ஜியம், 30 சதவீதம் என்று கேட்பார்கள்.

தாக்கல் செய்யும் நேரத்தில் மறுபடி ஒரு கலக்கம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜனவரி இறுதிவாக்கில் 1099-ஆர் (கணக்கிலிருந்து வெளியே வந்த பணத்தைக் காட்டும் படிவம்) வரும். பெரும்பாலும் இரண்டாகப் பிரித்துத் தருவார்கள்: 71,200-க்கு ஏழாவது பெட்டியில் 2 என்ற குறியீடு, 8,800-க்கு 1 என்ற குறியீடு. 1 என்றால் முன்கூட்டியே எடுத்தது, விலக்கு எதுவும் தங்களுக்குத் தெரியாது என்று பொருள். "நான்தான் திருப்பிப் போட்டேனே" என்று அதை மாற்றச் சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள். பணம் வெளியே போனதைத்தான் அந்தப் படிவம் சொல்கிறது. திரும்பி வந்ததை நீங்கள்தான் உங்கள் ரிட்டர்னில் சொல்ல வேண்டும். மென்பொருளில் செய்தால், இரண்டையும் உள்ளிட்டபின் "இந்தப் பணத்தை என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும். இரண்டுக்குமே ரோத்துக்கு மாற்றினேன் என்று பதில் கொடுங்கள். படிவம் 8606-இன் இரண்டாம் பகுதியில் மாற்றிய தொகை 80,000 என்று வருகிறதா, 1040-இல் 25பி வரிசையில் 8,000 வரவாகியிருக்கிறதா, கூடுதல் வரிக்கான படிவம் 5329-இல் 880 எட்டிப்பார்க்கவில்லையா என்று மூன்றையும் பார்த்தபிறகே அனுப்புங்கள். மாநில ரிட்டர்னில் 800 வரவாகியிருக்க வேண்டும். மே மாத இறுதியில் ரோத் வைத்திருக்கும் நிறுவனம் 5498 (கணக்குக்குள் வந்த பணத்தைக் காட்டும் படிவம்) அனுப்பும். திருப்பிப் போட்ட பணம் அதில் பங்களிப்புக்கான பெட்டியில் வந்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அந்தத் தாளையும் அக்டோபர் ரசீதையும் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். ஐ.ஆர்.எஸ். கடிதம் அனுப்பினால் அவை இரண்டும்தான் உங்கள் சாட்சி.

இதைப் படிக்கிற மற்றவர்களில் சிலருக்கு 60 நாள் முடிந்தே போயிருக்கும். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், ஐ.ஆர்.எஸ்.க்கு விண்ணப்பிக்காமலேயே, நிறுவனத்திடம் தன்னிலைச் சான்று ஒன்று எழுதிக் கொடுத்துப் பணத்தைப் போடலாம். 2020-இல் ஐ.ஆர்.எஸ். வெளியிட்ட நடைமுறையில் பன்னிரண்டு காரணங்கள் இருக்கின்றன. மாதிரிக் கடிதமும் அதிலேயே உண்டு. நிதி நிறுவனத்தின் பிழை, தொலைந்துபோன செக், குடும்பத்தில் மரணம் அல்லது கடும் நோய், வீட்டுக்குப் பெரும் சேதம் போன்றவை பட்டியலில் இருக்கின்றன. தெரியாது, கையில் பணமில்லை என்பவை இல்லை. காரணம் நீங்கியபின் 30 நாளுக்குள் போட்டுவிட்டால் தாமதம் என்ற கேள்வி எழாது. பின்னால் தணிக்கை வந்தால் அந்தக் காரணத்தை ஐ.ஆர்.எஸ். ஆராயலாம், ஆகவே உண்மையான காரணம் இல்லாதவர்கள் அதில் கையெழுத்திடக் கூடாது.

59½ தாண்டியவர்களுக்கு இதே பிடித்தம் நேர்ந்தால் அபராதம் கிடையாது. அவர்களுக்கு ஒரு சௌகரியமும் உண்டு: பிடித்த வரியை எந்த மாதம் பிடித்திருந்தாலும் ஆண்டு முழுவதும் சமமாகக் கட்டியதாகவே ஃபெடரலில் எடுத்துக்கொள்வார்கள். எஸ்டிமேட்டட் வரியைக் கட்ட மறந்த ஓய்வுபெற்றவர்கள் டிசம்பரில் வேண்டுமென்றே பிடிக்கச் சொல்வது அதனால்தான். உங்கள் வயதில் அந்தக் குறுக்குவழி வேண்டாம். கன்வர்ஷனுக்கான வரி எப்போதும் வெளிச் சேமிப்பிலிருந்து போக வேண்டும். வெளியே அவ்வளவு பணமில்லை என்றால் அந்த ஆண்டு சிறிய தொகையாக மாற்றுங்கள்.

இனி உங்கள் மனைவியின் 401கே. பயப்படத் தேவையில்லை, ஆனால் விதி இன்னும் கடுமை. 401கே பணத்தை அவர் பெயருக்கே செக்காக வாங்கினால் 20 சதவீதம் கட்டாயப் பிடித்தம். வேண்டாம் என்று சொல்லும் உரிமையே இல்லை. 50,000 இருந்தால் 40,000 கைக்கு வரும், 10,000 ஐ.ஆர்.எஸ்.க்குப் போகும். முழுவதையும் காப்பாற்ற, அந்த 10,000-ஐச் சொந்தப் பணத்திலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டியிருக்கும். நேரடி ரோல்ஓவர் என்று கேட்டால் இந்தக் கட்டாயம் இல்லை. அதில் செக் புது நிறுவனத்தின் பெயருக்கு, உங்கள் மனைவியின் நலனுக்காக என்று எழுதப்பட்டிருக்கும். அந்தச் செக் தபாலில் உங்கள் வீட்டுக்கே வந்தாலும் அது நேரடி ரோல்ஓவர்தான். பதற வேண்டாம், அப்படியே புது நிறுவனத்துக்கு அனுப்பிவிடலாம்.

நான் சொல்வது இரண்டு படி. முதலில் 401கே-யிலிருந்து ட்ரெடிஷனல் ஐ.ஆர்.ஏ.வுக்கு நேரடி ரோல்ஓவர். இதற்கு வரியே இல்லை. பிறகு அங்கிருந்து எவ்வளவு, எந்த ஆண்டு என்று நீங்கள் முடிவுசெய்து, ஃபெடரல், மாநிலம் இரண்டிலும் பிடித்தம் பூஜ்ஜியம் என்று தேர்ந்தெடுத்துக் கன்வர்ட் செய்யுங்கள். இந்த ஆண்டே 80,000 சேர்ந்துவிட்டதால் அவருடையதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது நல்லது. ஒரே ஒரு விதிவிலக்கு: அவர் ஆண்டுதோறும் பேக்டோர் ரோத் (வருமான வரம்பைத் தாண்டியவர்கள் ட்ரெடிஷனல் கணக்கில் போட்டு ரோத்துக்கு மாற்றும் வழி) செய்பவராக இருந்தால் இந்த வழி கூடாது. வரி கட்டாத பணம் ட்ரெடிஷனல் கணக்கில் டிசம்பர் 31 அன்று இருந்தால், பேக்டோர் தொகையிலும் விகிதாசாரப்படி வரி விழும். அப்படியானால் 401கே-யிலேயே இருக்கட்டும், அல்லது அங்கிருந்து நேராக ரோத்துக்குப் போகட்டும்.

இன்னும் சில ஆண்டில் ஊருக்கே திரும்பிவிடும் எண்ணம் இருந்தால் கன்வர்ஷன்களை இங்கே இருக்கும்போதே திட்டமிடுங்கள். கணக்கில் முகவரி சென்னை, கோவை என்று மாறியபின் பிடித்தத்தை 10 சதவீதத்துக்குக் கீழே இறக்க முடியாமல் போகும். குடியுரிமையும் கிரீன் கார்டும் இல்லாமல் அமெரிக்க வரிக்கு வெளிநாட்டவராகிவிட்டால் அது 30 சதவீதம் வரை போகும்.

இந்த வாரம் உறுதிப்படுத்தல் பக்கத்தைத் தேடி எடுங்கள், அடுத்த வாரம் செக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள். மனைவியின் ரோல்ஓவர் படிவத்தை நிரப்பியபின், கையெழுத்திடும் முன், வரிப் பிடித்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். கணக்கு எண்ணை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும், பார்த்துச் சொல்கிறேன்.